விழாமல் ஓடுகிறவனுக்கு ஃபவுல் கிடையாதா?

இத்தாலி லீக் பார்க்கிறேன் என்று சொன்னாலே எங்கள் பக்கம் உடனே வரும் பதில், "அவனுங்க காத்து பட்டாலே விழுவானுங்களே, அதுக்கா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கே?" என்பதுதான். நான் இருப்பது பெங்களூரில், அல்சூரை ஒட்டிய கௌதமபுரம் பக்கம். பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிற இடம், உலகக் கோப்பை வந்தால் தெருவுக்குத் தெரு பிரேசில் கொடி கட்டுகிற இடம், அங்கே உட்கார்ந்துகொண்டு இத்தாலிக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குவது சுலபமில்லை. அங்கே இரவு 8.45-க்கு ஆட்டம் ஆரம்பித்தால் நமக்கு நள்ளிரவு 12.15, குளிர்காலத்தில் 1.15. அதை முழுசாகப் பார்த்துவிட்டு அரைத் தூக்கத்தில் வேலைக்குக் கிளம்புகிறவனிடம் டீக்கடையில் ஒருவர் "நேத்து எத்தனை டைவ்?" என்று கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். எனக்கு வருகிறது. இந்த விஷயத்தில் எல்லாரும் பாதியை மட்டும்தான் பேசுகிறார்கள். விழுகிறவனைத் திட்டுகிறார்கள், விழாதவனுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை.

எல்லாரும் எடுத்துவிடுவது க்ரோஸோவைத்தான். 2006 உலகக் கோப்பை, ஜூன் 26, கைசர்ஸ்லவுட்டர்ன், இத்தாலி – ஆஸ்திரேலியா. மாட்டெராட்சி சிவப்பு அட்டை வாங்கிப் போய்விட்டார், இத்தாலி பத்துப் பேரோடு ஆடுகிறது, 0-0, கடைசி விசிலுக்குச் சில நொடிகள்தான் பாக்கி. ஃபாபியோ க்ரோஸோ இடது பக்கமாகப் பெனால்டி ஏரியாவுக்குள் நுழைகிறார். லூக்காஸ் நீல் சறுக்கிக்கொண்டு வந்து, பந்தைத் தொடாமல், குறுக்கே தரையில் கிடக்கிறார். க்ரோஸோ அவர் மேல் தடுக்கி விழுகிறார். பெனால்டி, டோட்டி அடித்தார், ஆஸ்திரேலியா மூட்டையைக் கட்டியது. நீல் அங்கே போய்ப் படுத்தது தப்பு. க்ரோஸோ நினைத்திருந்தால் தாண்டிப் போயிருக்கலாம், அதுவும் உண்மை. சரி, தாண்டிப் போயிருந்தால்? வேகம் போயிருக்கும், பந்து கோடு பக்கம் உருண்டிருக்கும், ரெஃபரி கையை விரித்து "ஆடு, ஆடு" என்றிருப்பார். நீல் செய்த தப்புக்கு விலையே இருந்திருக்காது.

விதிப் புத்தகத்தில் 12-வது விதியைப் படித்துப் பாருங்கள். எதிராளியைத் தடுக்கி விடுவது தப்பு, தடுக்கி விட முயல்வதும் தப்பு. உதைப்பதும் தப்பு, உதைக்க முயல்வதும் தப்பு. அடிபட்டவன் தரையில் விழுந்தால்தான் ஃபவுல் என்று அதில் ஒரு வரி கூடக் கிடையாது. அடிபட்ட மாதிரி நடிப்பவனுக்கு மஞ்சள் அட்டை காட்டச் சொல்வதும் அதே விதிதான். எழுத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. மைதானத்தில் நடப்பது வேறு.

அக்கா பையன் ஆடுகிறான் என்று ஆஸ்டின் டவுன் பக்கம் சின்னப் பசங்கள் டோர்னமென்ட் ஒன்று பார்க்கப் போயிருந்தேன். எதிர் டீமில் ஒரு விங்கர், பன்னிரண்டு வயசு இருக்கும், ஒல்லி, நல்ல வேகம். வலது பக்கமாக உள்ளே புகுந்தவனை டிஃபெண்டர் பின்னாலிருந்து கணுக்காலில் ஒரு போடு போட்டான், சத்தம் எனக்கே கேட்டது. அந்தப் பையன் தள்ளாடினான், ஒரு கையைத் தரையில் ஊன்றினான், விழவில்லை, எழுந்து ஓடி இடது காலால் பலமில்லாமல் ஒரு ஷாட் அடித்தான், கோல்கீப்பர் குனிந்து எடுத்துக்கொண்டான். விசில் இல்லை. கோட்டுக்கு வெளியே நின்ற அவன் கோச், தமிழும் கன்னடமும் கலந்து கத்தினார், "டேய், யாக்கோ நிந்த்தே (ஏன்டா நின்னே)? விழுடா! விழுந்திருந்தா பெனால்டிடா!" பாதி ஆட்டத்தில் பையன் சாக்ஸை இறக்கிக் காட்டினான், எலும்பு மேலேயே சிவப்பாக மூன்று தடம். இரண்டாவது பாதியில் வேறொரு டிஃபெண்டர் தோளைத்தான் லேசாக இடித்தான், பையன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மண்ணில் விழுந்தான். விசில், பெனால்டி, கோல். கோச் ஓடிப் போய் அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். சுற்றி நின்ற அப்பாக்கள் எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் பையனை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். நிமிர்ந்து நின்றதற்கு என்ன கிடைத்தது, விழுந்ததற்கு என்ன கிடைத்தது என்று பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே மதியத்தில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

இது உலகம் பூராவும் நடக்கிற கதைதான், இத்தாலியில் மட்டும் என்ன விசேஷம் என்று கேட்கலாம். அங்கே விசேஷம், ரெஃபரி மேல் இருக்கிற சந்தேகம்தான். விசில் ஊதுகிறவர் நம் ஆளா அவர்கள் ஆளா என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ரோமா ரசிகர்களிடம் 1981 மே 10 என்று சொன்னால் போதும். லீக் முடிய மூன்று ஆட்டம் இருக்கும்போது, ஒரு புள்ளி பின்தங்கிய ரோமா, டூரினில் ஜுவென்டஸோடு ஆடியது. டுரோனே தலையால் முட்டி கோல் போட்டார். லைன்ஸ்மேன் ஆஃப்சைடு கொடி தூக்கினார், 0-0-வில் முடிந்தது. கடைசியில் ஜுவென்டஸ் 44 புள்ளி, ரோமா 42. அது ஆஃப்சைடா இல்லையா என்று ரோமில் இன்றைக்கும் பேசுகிறார்கள், தாத்தா சொல்லிப் பேரன் கேட்டு. அந்த ஆட்டத்தின் ரெஃபரி பாவ்லோ பெர்காமோ. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வலிக்கிறது 1998. நான் மிலான் நகரத்து இன்டர் கிளப்பின் ரசிகன், பிரேசில்காரர் ரொனால்டோவுக்காக ஆனவன். ஏப்ரல் 26, டூரின், லீகில் நான்கு ஆட்டம்தான் பாக்கி, ஜுவென்டஸுக்கும் இன்டருக்கும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். டெல் பியரோ கோல் போட்டு ஜுவென்டஸ் 1-0. இரண்டாவது பாதியில் ரொனால்டோ பெட்டிக்குள் (பெனால்டி ஏரியாவுக்குள்) பந்தைத் தட்டிவிட்டு அதைப் பிடிக்கப் போகிறார், மார்க் யூலியானோ பந்தைப் பார்க்காமல் நேராக உடம்பைக் கொண்டு வந்து மோதுகிறார். ரொனால்டோ மல்லாந்து விழுகிறார். ரெஃபரி பியரோ செக்காரினி ஆட்டத்தை ஓட விட்டார். இன்டர் ஆட்கள் கையைத் தூக்கிக் கத்திக்கொண்டிருக்கும்போதே பந்து அந்தக் கோடிக்குப் போகிறது, சில நொடிகளில் டெல் பியரோ டாரிபோ வெஸ்ட் மீது பட்டு விழுகிறார், செக்காரினி பெனால்டிக்குக் கை காட்டுகிறார். இன்டர் கோச் சிமோனி மைதானத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார், அவரை வெளியே அனுப்பினார்கள். அந்தப் பெனால்டியைப் பல்யூகா தடுத்தார், அது தனி. ஆட்டம் 1-0, லீகும் அவர்களுக்கே. சில நாளில் இத்தாலி நாடாளுமன்றத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்து, எம்.பி.க்கள் ஒருவரை ஒருவர் அடிக்கப் பாய்ந்து, சபையை ஒத்திவைத்தார்கள். அப்போது எம்.பி.யாக இருந்தவர்களில் ஒருவர் முன்னாள் ஜுவென்டஸ் ஆட்டக்காரர், அந்தச் சண்டையில் அவரும் உண்டு.

அந்த நாளில் ரொனால்டோ நடிக்கவில்லை, உண்மையாகவே விழுந்தார், அப்படியும் கிடைக்கவில்லை. நேர்மையாக விழுந்தவனுக்கு இல்லை, அடுத்தவனுக்கு உடனே உண்டு என்று ஒரு ஸ்டேடியம் முழுக்கக் கண்ணால் பார்த்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்த ஆட்டக்காரன் ரெஃபரியை நம்பி நிமிர்ந்து ஓடுவான்?

இந்தச் சந்தேகம் வெறும் புலம்பல் இல்லை என்று 2006-ல் டெலிபோன் ஒட்டுக்கேட்புப் பதிவுகள் வெளியே வந்தபோது தெரிந்தது. ஜுவென்டஸின் பொது மேலாளர் லூச்சானோ மோஜ்ஜி, எந்த ஆட்டத்துக்கு எந்த ரெஃபரி என்று ஒதுக்குகிறவர்களிடமே போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒதுக்குகிறவர்கள் இரண்டு பேர், ஒருவர் பியர்லூயிஜி பைரெட்டோ, இன்னொருவர் அதே பெர்காமோ. 2004-ல் ரெஜ்ஜினாவிடம் தோற்றபிறகு ரெஃபரி பாபரெஸ்டாவை டிரெஸ்ஸிங் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன் என்று மோஜ்ஜி போனில் பெருமையாகச் சொன்னார். நிஜமாகப் பூட்டினாரா இல்லையா என்பது எனக்கு முக்கியமே இல்லை. ஒரு கிளப் அதிகாரி அப்படிச் சொல்லிப் பெருமைப்பட முடிந்தது, கேட்டவருக்கு அது அதிர்ச்சியாக இல்லை, அதுதான் என்னை உறுத்துகிறது. 2004-05, 2005-06 இரண்டு பட்டத்தையும் பிடுங்கி, ஜுவென்டஸை இரண்டாம் நிலை லீகான செரீ பி-க்குத் தள்ளினார்கள், முதலில் மைனஸ் 30 புள்ளி என்று சொல்லி, அப்பீலில் குறைந்து கடைசியில் மைனஸ் 9-ல் ஆரம்பித்தார்கள். மிலான், ஃபியோரென்டினா, லாட்சியோ, ரெஜ்ஜினாவுக்கும் புள்ளி வெட்டு. அதே கோடையில்தான் இத்தாலி பெர்லினில் உலகக் கோப்பையைத் தூக்கியது.

எங்கள் கூட்டத்தில் ஜுவென்டஸ் ரசிகர் ஒரு அண்ணன் இருக்கிறார், இதை எடுத்தாலே முகம் சிவந்துவிடும். "தம்பி, எல்லாரும் போன் பண்ணாங்க, மாட்டினது நாங்க மட்டும்." அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2005-06 பட்டத்தை எங்கள் இன்டருக்குத் தூக்கிக் கொடுத்தார்கள், ஆனால் 2011-ல் ஃபெடரேஷனின் வழக்கறிஞர் பலாட்சி, இன்டர் பக்கமிருந்தும் அந்தக் காலத்தில் விதி மீறல் இருந்தது, காலம் கடந்துவிட்டதால் நடவடிக்கை எடுக்க முடியாது என்று எழுதினார். அந்தப் பட்டத்தை நான் கொண்டாடுவதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு, யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 1984-85-ல், ஒரே ஒரு சீசன், ரெஃபரிகளை யாரும் தேர்ந்தெடுத்து அனுப்பாமல் முழுக்கக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். அந்த வருஷம் லீக் ஜெயித்தது ஜுவென்டஸ் இல்லை, மிலான் இல்லை, இன்டர் இல்லை, ரோமாவும் இல்லை. ஹெல்லாஸ் வெரோனா! அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் ஜெயித்ததே கிடையாது. அடுத்த வருஷமே பழைய முறைக்குப் போய்விட்டார்கள். வெரோனா நல்ல டீம், பாஞோலி அருமையான கோச், குலுக்கலால் மட்டுமே ஜெயித்தார்கள் என்று சொன்னால் அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனாலும் ஒரு நாட்டு ரசிகர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை எப்படித் தடுப்பீர்கள்?

கேமரா வந்தால் எல்லாம் தீரும் என்றார்கள். இத்தாலிக்காரர்களுக்குக் கேமரா புதுசே இல்லை, 1967-ல் மிலானும் இன்டரும் மோதிய டெர்பியில் ரிவேராவின் பந்து கோட்டைத் தாண்டியதா என்று டிவியில் மெதுவாக ஓட்டிப் பார்த்ததிலிருந்து, ஞாயிறு இரவு வீட்டுக்கு வீடு அதுதான் பொழுதுபோக்கு. பார்த்துப் பார்த்துச் சந்தேகம் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை. 2012 பிப்ரவரியில் மிலான் – ஜுவென்டஸ், முன்டாரி முட்டிய பந்து கோட்டுக்கு நன்றாக உள்ளே போனபிறகு புஃபோன் வெளியே தள்ளினார், கோல் இல்லை என்றார்கள். ஆட்டம் முடிந்து புஃபோன் சொன்னது, உள்ளே போனதைத் தான் கவனிக்கவில்லை, கவனித்திருந்தாலும் ரெஃபரிக்கு உதவியிருக்க மாட்டேன் என்று. நான் மதிக்கிற கோல்கீப்பர், அந்தப் பேச்சை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. (அதே ஆட்டத்தில் ஜுவென்டஸின் மாட்ரிக்கும் ஒரு நல்ல கோலை ஆஃப்சைடு என்று வெட்டினார்கள், அண்ணன் ஞாபகப்படுத்தச் சொன்னார்.) அப்புறம் 2015-ல் கோல்லைன் டெக்னாலஜி, 2017-ல் விஏஆர், அதாவது ரெஃபரியின் முடிவை வீடியோவில் திரும்பப் பார்த்துத் திருத்தும் முறை. கோடு சம்பந்தப்பட்ட சண்டை ஓய்ந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பந்து தாண்டியதா இல்லையா என்று இப்போது யாரும் அடித்துக்கொள்வதில்லை.

ஆனால் 2018 ஏப்ரல் 28. முதலிடத்தில் இருந்த ஜுவென்டஸை நேப்போலி ஒரே ஒரு புள்ளி பின்னால் துரத்திக்கொண்டிருந்தபோது, இன்டர் – ஜுவென்டஸ், சான் சிரோ. எங்கள் வெசினோவுக்கு விஏஆர் பார்த்து நேர் சிவப்பு. இரண்டாவது பாதியில் ஏற்கெனவே மஞ்சள் வாங்கியிருந்த பியானிச், ரஃபின்யா மேல் காலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார், ரெஃபரி ஒர்சாட்டோ அட்டையே எடுக்கவில்லை. அப்போதைய விதிப்படி இரண்டாவது மஞ்சளில் விஏஆர் தலையிட முடியாது. பத்துப் பேரோடு 2-1 என்று 87-வது நிமிடம் வரை தாக்குப்பிடித்து, 3-2 என்று தோற்றோம். அடுத்த நாள் நேப்போலி ஃபுளோரன்ஸில் 3-0 தோற்றது. கடைசியில் 91 புள்ளி எடுத்தும் நேப்போலிக்குப் பட்டம் இல்லை. அந்த இரவு அறைக்குள் பேசாமல் உட்கார்ந்திருந்தது நான் மட்டும் இல்லை, நேப்போலி பிடிக்கும் நண்பன் ஒருவன் ஒரு வாரம் குரூப்பில் எதுவும் எழுதவில்லை.

டைவ் விஷயத்தில் விஏஆர் செய்தது என்ன தெரியுமா? பச்சையாக நடித்தவர்கள் மாட்டுகிறார்கள், அது நல்லது. ஆனால் லேசாகத் தொட்டால் கூட, "கான்டாக்ட் இருக்கு" என்பது பெரிய சாட்சியாகிவிட்டது. ஓடுகிற வேகத்தில் உரசிப் போகிற கால், மெதுவாக ஓட்டிப் பார்த்தால் உதை மாதிரித் தெரியும். ஆட்டக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்துவிட்டது. டிஃபெண்டரின் கால் இருக்கும் இடத்துக்குத் தன் காலைக் கொண்டுபோய் வைத்து, தொட்டதும் சரிந்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் தொடாமலே விழுந்தார்கள், இப்போது தொட வைத்து விழுகிறார்கள். பெட்டிக்குள் தட்டுப்பட்டும் விழாமல் ஓடியவனுக்காக ரெஃபரியை மானிட்டருக்குக் கூப்பிட்ட ஆட்டத்தை யோசித்துப் பாருங்கள், சட்டென்று ஒன்று கூட ஞாபகம் வராது.

நம்ம ஊரில் இந்தப் பிரச்சினை இல்லையா என்றால், 2023 மார்ச் 3-ஆம் தேதி கண்டீரவா ஸ்டேடியத்தை நினைத்துப் பாருங்கள். ஃப்ரீகிக்கைத் தடுக்க கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்கள் வரிசையாக நின்று சுவர் கட்டிக்கொண்டிருக்கும்போதே பெங்களூர் எஃப்சியின் சேத்ரி அடித்துவிட்டார், ரெஃபரி கோல் கொடுத்தார், பிளாஸ்டர்ஸ் கோச் வுகோமானோவிச் டீமைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். விஏஆர் கிடையாது, திரும்பப் பார்க்க வழி கிடையாது. பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்கு 10 ஆட்டத் தடை. வெளியேறியது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு கிக்குக்காக மட்டும் யாரும் அப்படிப் போக மாட்டார்கள், பல நாள் சேர்த்துவைத்த அவநம்பிக்கை அது.

நேர்மையாக ஆடியவர்களும் இத்தாலியில்தான் இருந்தார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2006 மார்ச்சில் ரோமா – மெசினா, டி ரோஸ்ஸி கோல் போட்டார், ரெஃபரி கொடுத்தும் விட்டார், டி ரோஸ்ஸியே போய் "கையில் பட்டது" என்று சொல்லி வெட்ட வைத்தார். 2012 செப்டம்பரில் லாட்சியோவின் க்ளோஸே நேப்போலிக்கு எதிராக அதையே செய்தார், அந்த ஆட்டத்தை லாட்சியோ 3-0 தோற்றது. இந்த இரண்டு ஆட்டத்திலும் உண்மையைச் சொன்னவருக்கு நஷ்டம்தான், ஆனாலும் சொன்னார்கள்.

தண்டனை கொடுக்கவும் அவர்களுக்குத் தெரியும். 2010 அக்டோபரில் போலோன்யாவில் ஜுவென்டஸின் கிராசிச் யாரும் தொடாமலே விழுந்து பெனால்டி வாங்கினார். அந்தப் பெனால்டி கோலாகவில்லை, ஆட்டம் 0-0. அப்படியும் டிவி படத்தைப் பார்த்து அவருக்கு இரண்டு ஆட்டத் தடை போட்டார்கள். விஏஆர் வந்தபிறகு இப்படி ஆட்டம் முடிந்து தடை போடும் பேச்சே குறைந்துவிட்டது, எனக்கு அது வேண்டும். 2023-லிருந்து விஏஆர் அறையில் பேசியதை டிவியில் போட்டுக் காட்டுகிறார்கள், அது நல்ல ஆரம்பம். ரெஃபரி என்ன பார்த்தார், ஏன் அப்படி முடிவெடுத்தார் என்று அவர் குரலிலேயே கேட்டால், தப்பு என்றால் கூடத் தப்பு என்று ஒத்துக்கொண்டு போக முடிகிறது. அதோடு விழாமல் ஓடி, அதனால் வாய்ப்பை இழந்தவனுக்கும் விசில் ஊத வேண்டும். 12-வது விதி அதற்கு ஏற்கெனவே அனுமதி கொடுத்திருக்கிறது.

இதை அண்ணனிடம் சொன்னேன். "தடை போட ஆரம்பிச்சா முதல்ல உங்க இன்டர்காரனுக்குத்தான் தம்பி வரும்" என்றார். வரட்டும் அண்ணா. இரண்டு ஆட்டம் இல்லை, நான்கு போடட்டும்.